முறுக்கு டப்பாவோடு ஒரு கடிதம்

அம்மாடி,

முறுக்கு தனி டப்பாவில் இருக்கிறது, பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. தைலம் இரண்டு பாட்டில். அழுத்தித் தேய்க்காதே, மெதுவாகத் தடவு. போன் போட்டால் "பிஸிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். மாமா பழைய காரை விற்றுவிட்டார். எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.

மேல்மாடி அண்ணன் மகன் உன்னை யூனிவர்சிட்டியில் பார்த்தானாம். "நல்லாத்தான் இருக்காங்க ஆண்டி" என்றான். அப்புறம் மெல்லச் சொன்னான், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாயாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் நிற்காமல் ஏறி, மேலே நின்று எங்களுக்குக் கையாட்டியவள் நீ.

ஹாக்கியில் ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போதுதான் முட்டிக்குள் ஜவ்வு கிழியுமாம். வீக்கம் வடிந்துவிட்டதென்று மறுபடி திடலில் இறங்கக் கூடாதாம். பொதுவாகத்தான் சொல்கிறேன். தைலத்தை நம்பி இருக்காதே, டாக்டரைப் பார். பசியாறாமல் வகுப்புக்குப் போகாதே. டாக்டரைப் பார்.

டீன் பட்டியலில் உன் பெயர் வந்த தாளைத் தாத்தா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். நம் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 1966இல் பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார், டாக்டரும் ஆனார் என்று தாத்தா சொல்லிச் சொல்லித்தானே நீ வளர்ந்தாய். பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால், அதே பேங்காக்கில் 400 மீட்டரில் ராஜமணி வாங்கிய தங்கத்தைச் சொல்வார். மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை ஓடிய 20.92 நொடி தேசிய சாதனை, 2017இல் முறிந்த அன்று தாத்தா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. இப்போது நீ 400 மீட்டரும் ஓடுகிறாய், ஹாக்கியும் ஆடுகிறாய், இன்ஜினியரிங்கிலும் முன்னால் நிற்கிறாய். அவர் இருந்திருந்தால் தெருவையே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். ஆனால் மூன்று வாரம் பெற்றவளிடம் வாய் திறக்காமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

என்னிடம்தான் கற்றிருப்பாய்.

ஐந்தாம் படிவத்தில், மாநிலப் போட்டிக்கு முதல் நாள் உன் ஓட்டக் காலணி, அந்த ஸ்பைக்ஸ் காணாமல் போனதே, அதை யாரும் திருடவில்லை. நான்தான் பழைய சேலையில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். எஸ்பிஎம் பரீட்சை வருகிறது, ஓடியது போதும் என்று நினைத்தேன். நீ தோழியின் காலணிக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடி நான்காவதாக வந்தாய். அன்று ராத்திரி உன் குதிகால் கொப்புளத்துக்கு மருந்து போட்டவளும் நான்தான். அப்போதும் சொல்லவில்லை. பரீட்சையில் 9ஏ வந்ததும், செய்தது சரிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சரியில்லை அம்மாடி. அந்த ஸ்பைக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அடிப்பாகம் பிய்ந்துவிட்டது.

வலிக்கிறது என்றால் "அன்றைக்கே சொன்னேனே" என்பேன் என்று பயப்படுகிறாயோ? சொல்ல மாட்டேன்.

தைப்பூசத்துக்கு வா. மலை ஏற வேண்டாம், கீழே தண்ணீர்ப் பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். பஸ் டிக்கெட்டுக்கு 100 வெள்ளி முறுக்கு டப்பாவின் அடியில் இருக்கிறது, காகிதத்தோடு சேர்த்து எறிந்துவிடாதே.

அம்மா