ஓதம் ஏறாத ஒரு வீடு, மூன்று மாதத்துக்கு மட்டும்

எங்கள் அரசு ஊழியர் குடியிருப்பைப் பராமரிக்கும் செயற்பொறியாளர் அவர்களுக்கும், வீடு ஒதுக்கும் பிரிவின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சி பிளாக் இரண்டாம் மாடியில் எங்கள் படுக்கையறைச் சுவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மனு கொடுத்திருக்கிறேன். நான்குக்கும் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. உதவிப் பொறியாளர் இரண்டு முறை நேரில் வந்து பார்த்தார். மேல் வீட்டு பாத்ரூமில் நானி டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் துளை) சுற்றிச் சிமென்ட் விட்டுப்போய், தண்ணீர் தளத்துக்குள் இறங்கி எங்கள் சுவர் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். இரண்டு வீட்டிலும் உடைத்து வேலை பார்க்க மூன்று மாதம் ஆகும், அதுவரை நீங்கள் வேறு வீட்டில் இருங்கள் என்று சொன்னதும் அவர்தான். மதிப்பீடு போட்டாயிற்று, ஒப்பந்ததாரரும் முடிவாகிவிட்டார். இதற்கெல்லாம் என் மனப்பூர்வமான நன்றி.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு எங்களுக்கென்று போன செவ்வாய்க்கிழமை திறந்து காட்டிய வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஏ பிளாக் தரைத்தளம். வாட்ச்மேன் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதுமே அந்த வாடை வந்துவிட்டது. நனைந்த கோணிப்பையை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற கோடு முழங்கால் உயரத்தில் இன்னும் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு மேலேயும் ஒரு முழம் ஓதம் ஏறியிருக்கிறது. சுவரைத் தொட்டால் உப்புப் பூத்த பூச்சு மாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது. சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன், உள்பக்கம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம்.

அன்று பள்ளி விடுமுறை என்பதால் மகளும் என்னோடு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஹாலில் சும்மா நின்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான்காவது நிமிடம் தொண்டையைச் செருமினாள். ஆறாவது நிமிடம் இருமல். அப்புறம் தோள் இரண்டும் மேலே ஏற ஆரம்பித்தன. மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குக் கீழே அந்தச் சின்னக் குழி உள்ளே போவதைப் பார்த்ததும், அவளை வெளியே கூட்டிவந்து மாடிப்படியில் உட்காரவைத்து இன்ஹேலரைக் கொடுத்தேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனிதர், தண்ணீர் பாட்டில்கூட எடுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஒரு கோட்டு வெள்ளை அடிச்சுக் கொடுத்துடறோம்மா, வாடை போயிடும்."

ஐயா, வாடை போய்விடும். பூஞ்சை போகாது. சுவருக்குள் ஈரம் இருக்கிறவரை மேலே எதை அடித்தாலும் அது உரிந்துகொண்டு வரும். பூஞ்சை உயிரோடு இருந்தால்தான் தொல்லை என்றும் கிடையாது. பிளீச்சிங் போட்டுக் கொன்றாலும், செத்த பூஞ்சைத் துகளே ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மூச்சிழைப்பைக் கிளப்பிவிடும். அதனால்தான் ஈரத்தை நிறுத்து, பூசணம் பிடித்ததைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்து, பிறகு பூசு என்கிறார்கள். உங்கள் பொறியாளர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அவர்கள் போட்ட மதிப்பீட்டில் பழைய பூச்சை முழுதாகக் கொத்தி எடுப்பது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் சுவருக்கு ஒரு நியாயம், எங்களை அனுப்பும் வீட்டின் சுவருக்கு வேறு நியாயமா?

மகளுக்கு இருப்பது ஆஸ்துமா. கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு வைத்த இடம் பெரிய கொசுக்கடி போலத் தடித்தது. சி பிளாக் வீட்டுக்கு வருவதற்கு முன்பும் அவளுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை இழைப்பு வரும். வந்த பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை நெபுலைசர் வைக்கிறோம். இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். சாய்வதற்கு எந்தச் சுவர் காய்ந்த சுவர் என்பதும் அவளுக்குத் தெரியும். போன மழைக்காலம் முடிந்து பீரோவை நகர்த்தியபோது அதன் முதுகுப்பக்கமும் சுவரும் ஒரே கறுப்பாக இருந்தன. அந்தப் பீரோவை ஒட்டித்தான் அவள் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். தரைத்தளம் அல்லாத, ஓதம் இல்லாத, ஒழுகல் இல்லாத ஒரு வீடு. மூன்று மாதத்துக்கு. எந்த பிளாக்காக இருந்தாலும் சரி, எங்கள் வீட்டைவிடச் சிறியதாக இருந்தாலும் சரி.

"அவ்வளவு கஷ்டம்னா வெளியில ஒரு வீடு பார்த்துக்கலாமே" என்று பிரிவில் ஒருவர் கேட்டார். பார்த்தோம் ஐயா. மூன்று வாரத்தில் பதினோரு வீடு பார்த்தோம். டூ-லெட் போர்டு தொங்கிய வீடு, புரோக்கர் காட்டிய வீடு, தெரிந்தவர் சொன்ன வீடு. மூன்று மாதத்துக்கு மட்டும் என்றதுமே பாதிப்பேர் போனை வைத்துவிட்டார்கள். பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால்தான் தருவோம் என்றார்கள். மற்றவர்கள் ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகை என்று எழுதியிருக்கிறது, அதைச் சொன்னால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் செலவு இரண்டு தடவை.

பணத்தை எப்படியாவது புரட்டலாம், வீடு காய்ந்திருக்க வேண்டுமே. புதுப் பெயிண்ட் வாசனை தூக்கலாக அடிக்கும் வீட்டை இப்போது நான் நம்புவதில்லை. காலண்டரைத் தூக்கிப் பார்க்கிறேன், லாஃப்டுக்கு மேலே டார்ச் அடிக்கிறேன், சிங்க் அடியில் கையை விட்டுத் தடவுகிறேன். ஓனர்களுக்கு இது பிடிக்கவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் பிடித்திருக்காது. கடைசியில் மகளை உள்ளே பத்து நிமிடம் உட்காரவைக்கிறேன். பெற்ற பிள்ளையின் நெஞ்சை வைத்து வீடு சோதிக்கிறேன் ஐயா. அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. ஆனால் வேறு எதை வைத்துச் சோதிப்பது? ஆன்லைனில் வாங்கிய ஈரப்பதமானி ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் படுக்கையறையில் அது மின்விசிறி ஓடும்போதே 84 சதவீதம் காட்டுகிறது. அறுபதுக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சை கட்டுக்குள் இருக்கும்.

பதினொன்றில் இரண்டு வீடு தேறியது. ஒன்றில் வீட்டுக்கார அம்மா, பிள்ளையை ஏன் உட்காரவைத்துப் பார்க்கிறீர்கள், என்ன நோய், ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். ஒட்டாது என்று சொன்னேன், மருத்துவரின் சீட்டைக் காட்டினேன். மறுநாள் வேறு ஆளுக்கு விட்டுவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. மகள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டாள். இன்னொரு வீட்டின் வாடகை 19,000 ரூபாய். அரசுக் குடியிருப்பில் இருப்பதால் எனக்கு வீட்டு வாடகைப்படி கிடையாது, இந்த வீட்டு வாடகையும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தமாகிறது. உள்ளே உடைத்துப் போட்டு யாரும் வாழமுடியாமல் கிடக்கும் மூன்று மாதமும் அந்தப் பிடித்தம் நிற்காது என்று எழுத்துமூலமாகவே சொல்லிவிட்டீர்கள். ஆக, குடியிருக்காத வீட்டுக்கும் கட்ட வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கும் கட்ட வேண்டும். ஒரு உதவியாளரின் சம்பளத்தில் அது எப்படி முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லாட்ஜில் தங்கிப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏசி அறை, ஜன்னலே திறக்க முடியாது, ஏசியைப் போட்டதும் அதே வாடை. ராத்திரி பதினொரு மணிக்குக் காலி செய்துகொண்டு வந்தோம். இப்போது மகள் தாம்பரத்தில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து இங்குள்ள பள்ளிக்குக் காலை ஆறே காலுக்கு மின்சார ரயில் ஏறுகிறாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் அவளை முழுநாளும் பார்க்கிறேன். அக்கா வீட்டில் அவள் நெபுலைசரைத் தொடவே இல்லை. அவளுக்கு வேண்டிய மருந்து எதுவென்று இதைவிட எப்படி நிரூபிப்பது?

எங்கள் மனுக்களுக்கு வந்த பதில்களையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முதல் மனுவுக்கு, ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டமாக இருக்கவும் என்று பதில். இரண்டாவதற்கு, பூஞ்சை படிதல் குடியிருப்போர் செய்ய வேண்டிய துப்புரவின் கீழ் வரும் என்று பதில். மேல் வீட்டு பாத்ரூம் தண்ணீர் என் சுவருக்குள் வருவதற்கு நான் எந்த ஜன்னலைத் திறப்பது? உங்கள் படிவத்தில் விரிசலுக்குக் கட்டம் இருக்கிறது, ஒழுகலுக்குக் கட்டம் இருக்கிறது, மின் பழுதுக்கு இருக்கிறது. அந்த ஒழுகலால் உள்ளே இருக்கும் மனிதருக்கு என்ன ஆனது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. இது எங்கள் குடியிருப்பில் மட்டும் உள்ள கதை என்றும் நான் நினைக்கவில்லை. மழை நாளில் எந்தத் தரைத்தள வீட்டுக்குள் போனாலும் அந்த வாடையை நாம் எல்லாருமே மழைக்கால வாடை என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வீட்டுக்குள் ஏற்படும் ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் என்று தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. பூஞ்சை பிடித்த வாடகைக் குடியிருப்பில் வளர்ந்து, இரண்டு வயது ஆன கையோடு 2020 டிசம்பரில் இறந்துபோனது. பூஞ்சையில் நெடுநாள் இருந்ததால் வந்த மூச்சு நோய்தான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணையில் தீர்ப்பானது. அந்தக் குழந்தையின் அப்பா முதலில் முறையிட்டபோது அவருக்குக் கிடைத்த பதிலும், மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஏ பிளாக் வாசலில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள், 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அபாயமான பூஞ்சை என்றால் குறித்த நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், சரிசெய்ய வேண்டும். அந்த நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க முடியாவிட்டால், குடியிருப்பவருக்குத் தகுந்த மாற்று வீட்டை வீடு கொடுத்தவரே தன் செலவில் தர வேண்டும். ஒரு குழந்தை போன பிறகுதான் அங்கேயும் இதை எழுதினார்கள்.

உரத்துப் பேசிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். உங்கள் கையில் காலி வீடுகள் குறைவு, வரிசையில் நிற்பவர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். நானும் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவள்தான், விதிக்கு வெளியே ஒன்றைச் செய்ய எவ்வளவு குறிப்பு எழுத வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பி பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு வீடு மே மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்தவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஒதுக்கீடு இன்னும் ஆகவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டு வெளியிலிருந்து பார்த்தேன். மேலே மொட்டைமாடி இல்லை, இன்னொரு தளம் இருக்கிறது. பாத்ரூம் வெளிச்சுவர் பக்கம் இருக்கிறது. ஜன்னல் வழியாகத் தெரிந்த மட்டும் சுவர் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. அதை மூன்று மாதத்துக்கு மட்டும் எங்களுக்குத் தற்காலிகமாக ஒதுக்க முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். வேலை முடிந்த அன்றே சாவியைத் திருப்பித் தருவதாக முத்திரைத்தாளில் எழுதித் தரவும் தயார்.

அது முடியாது என்றால், அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் வாடகைப் பிடித்தத்தை நிறுத்தி, வீட்டு வாடகைப்படி கிடைக்க உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஏ பிளாக் தரைத்தளத்துக்கு மட்டும் எங்களை அனுப்பாதீர்கள். வேறு யாரையும்கூட அங்கே அனுப்பாதீர்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்கு முன்னால் சுவரைக் கொத்திக் காயவிட்டால்தான் செய்த வேலை நிலைக்கும் என்று ஒப்பந்ததாரரே சொல்கிறார். நாங்கள் வெளியேறினால்தான் அவர் தொடங்க முடியும். நாங்கள் வெளியேற ஒரு காய்ந்த வீடு வேண்டும்.

எந்த வீட்டைக் காட்டினாலும், நாளும் நேரமும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். தாம்பரத்திலிருந்து மகளை அழைத்து வருகிறேன். அவள் பத்து நிமிடம் உள்ளே உட்காரட்டும், பிறகு கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி பிளாக் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தாய்