நர்டில் பொடியாகறதுக்கு முன்னாடி அள்ளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 மே மாசம் கொச்சி பக்கம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, அதுல இருந்த பிளாஸ்டிக் குருணை (நர்டில்னு சொல்றாங்களே, அதுதான்) நம்ம கன்னியாகுமரி கரை வரைக்கும் ஒதுங்குச்சு. மீனுக்கு என்ன ஆகும், வலைக்கு என்ன ஆகும்னு எல்லாரும் பேசறோம், காத்துக்கு என்ன ஆகும்னு யாருமே பேசல, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

அலை உடையறப்போ தண்ணிக்குள்ள காத்து மாட்டி குமிழியா மேல வருது. மேல இருக்கற மெல்லிசு படலம் கிழிஞ்ச உடனே அங்க ஒரு குழி, அந்தக் குழியோட பக்கவாட்டுல குட்டி அலைங்க கீழ ஓடி அடியில ஒண்ணோட ஒண்ணு மோதி, நடுவுல இருந்து தண்ணி ஊசி மாதிரி மேல பாயுது (இதைத்தான் ஜெட்னு சொல்றாங்க), உடனே துண்டு துண்டா உடைஞ்சு துளியா பறக்குது. சோடா கிளாஸை வாய்கிட்ட கொண்டு போனா மூக்குல சில்லுன்னு தெறிக்குதே, அதுவும் இதேதான்.

இதுல முக்கியம் என்னன்னா, குமிழி மேல ஏறி வர்ற வழியிலயே மிதக்கற துகளை எல்லாம் தன் மேல ஒட்டிக்கிட்டு வருது, ஜெட்டுக்கு போற தண்ணி பெரும்பாலும் அந்தக் குமிழியை ஒட்டி இருக்கற தண்ணிதான். அதனால கடல்ல இருக்கறதை விட துளியில துகள் அடர்த்தி கூடிடும். பாக்டீரியா விஷயத்துல டங்கன் பிளான்சார்டுன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி இதை 1970லயே காட்டிட்டார், சில நேரம் நூறு மடங்குக்கும் மேல. ஒட்டின துகள் ரொம்ப அதிகமாச்சுன்னா ஜெட்டே தளர்ந்துடும்கறதும் உண்மைதான், ஆனா அதை நம்பி சும்மா இருக்க முடியாது. பிரான்ஸ்ல மிமிசான் கடற்கரையில கடல் காத்தைப் பிடிச்சு பாத்ததுல ஒரு கன மீட்டர்ல 19 பிளாஸ்டிக் துகள் வரைக்கும் இருந்துச்சுன்னு 2020ல ஆய்வு வந்துச்சு.

1 மில்லிமீட்டர் குமிழில இருந்து வர்ற துளி சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். முழு நர்டில் சில மில்லிமீட்டர் இருக்கும், அதை எந்தக் குமிழியும் தூக்காது. வெயில்லயும் அலையிலயும் உரசி பொடியானா மட்டும்தான் தூக்கும். அப்போ நமக்கு டைம் இருக்கு சார், ஆனா கொஞ்சம்தான். ஒரு தடவை கூட்டிட்டு போட்டோ எடுத்தா போதாது, ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் மண்ணை சலிச்சு அள்ளணும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரையோர காத்துலயும் பிளாஸ்டிக் இருக்கான்னு அளக்க ஆரம்பிக்கணும். இதை உங்க நிருபர்கள் அதிகாரிங்க கிட்ட கேட்டு எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்