இரண்டு கடலும் ஒரே நீலம்

பாம்பன்

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். திரையின் நிறத்தை அளக்க நீ கொடுத்தனுப்பிய கலரிமீட்டர் இரண்டு மாதமாக என்னிடமே கிடக்கிறது. கேட்டு நச்சரிக்காமல் இருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு நன்றி.

நான் எடுத்த அந்தத் தனுஷ்கோடி கல்யாண ஆல்பம் நினைவிருக்கிறதா? அரிச்சல்முனையில் எடுத்தது. அச்சாகி வந்ததும் பெண்ணின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எம் மகளுக்கு என்ன தம்பி, மஞ்சக்காமாலையா?" போதாததற்குப் பக்கமெல்லாம் இருட்டு. அச்சகக்காரரோடு போனில் மல்லுக்கு நின்றேன். பாவம் மனுஷன்.

தப்பு என் லேப்டாப்பில். உன் கருவியைத் திரையில் தொங்கவிட்டு அளந்தால், வெள்ளை 7,400 கெல்வினில் நிற்கிறது. இருக்க வேண்டியது 6,500; எண் ஏறினால் நீலமும் ஏறும். நீலம் தூக்கலான திரையில் முகங்கள் வெளிறித் தெரிந்திருக்கின்றன. நான் படத்துக்குப் படம் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே கடல் வேறு. அந்தக் கூச்சத்துக்குப் பிரைட்னஸை முழுசாக வைத்து வேலை பார்த்தால், திரையில் பளிச்சென்று தெரிந்த படம் காகிதத்தில் இருளாமல் என்ன செய்யும்?

நீ சொன்னபடியே செய்தேன். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும் தானாகக் கூடிக் குறையும் வெளிச்சத்தையும் அணைத்தேன். அரை மணி நேரம் திரையை ஓடவிட்டு, டிஸ்ப்ளேகால் மென்பொருளில் வெள்ளை 6,500 கெல்வின், இடைநிலை வெளிச்சத்துக்குக் காமா 2.2, மொத்த வெளிச்சம் 120 நிட்ஸ் என்று வைத்தேன். மேசையையும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டாயிற்று. நிறக் கட்டங்கள் மாறி மாறி ஓடுகின்றன, ஓடுகின்றன, டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. முடிந்ததும் பார்த்தால் திரை பழைய வேட்டி மாதிரி பழுப்படித்துக் கிடக்கிறது! உள்ளதையும் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தே போனேன். இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. இப்போது பக்கத்துக் கடைக்காரர் லேப்டாப்தான் நீலம் பூத்துத் தெரிகிறது.

அப்புறம்தான் அந்தப் படங்களைத் திரும்பத் திறந்தேன். பெண்கடலையும் ஆண்கடலையும் ஒரே நீலமாக்கி வைத்திருக்கிறேன், மாப்ளே! வடக்கே பெண்கடல், பாக் விரிகுடாப் பக்கம், அன்றைக்குப் பச்சை கலந்து கிடந்தது; தெற்கே ஆண்கடல், மன்னார் வளைகுடா, கருநீலம். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல், எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் திருத்தி, முதலில் ஒரு பக்கம் மட்டும் சோதனைக்கு அடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு முழு ஆல்பமும் என் கைக்காசில். அச்சகக்காரரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டாயிற்று.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. திரைகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எஸ்ஆர்ஜிபி நிறத் தொகுப்பில் இந்தத் திரை 62 சதவீதம்தான் காட்டுமாம். குருசடைத் தீவுப் பக்கம் உச்சி வெயிலில் தெரியுமே ஒரு பச்சைநீலம், அது இதில் வரவே மாட்டேன் என்கிறது. பேனலில் இல்லாத நிறத்தைக் கலரிமீட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? முழு எஸ்ஆர்ஜிபி காட்டுகிற மானிட்டர் ஒன்று வாங்கலாமா, இல்லை இன்னும் ஒரு கல்யாண சீசன் தள்ளலாமா? நீ சொல்.

மாதக் கடைசியில் மதுரை வருகிறேன். கிளம்புமுன் இன்னொரு தடவை அளந்துவிட்டுக் கருவியைக் கையோடு கொண்டுவருகிறேன். தங்கச்சி கேட்ட நெத்திலிக் கருவாடும் வரும். பயப்படாதே, அது வேறு பையில்.

உன் மச்சான்