1968-இல் செய்ய முடிந்த காருக்கு மதிப்பெண் கொடுங்கள்: நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். கற்பனை மசில் கார் (சாதாரண நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார்) வரையும் போட்டியின் முடிவும் மதிப்பெண் தாள்களும் வந்துவிட்டன. விதிகளை எழுதியவர்கள் நீங்கள், அவற்றை உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1964 முதல் 1972 வரை ஏதாவது ஒரு வருடம், அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று உண்மையிலேயே செய்து விற்றிருக்கக்கூடிய கார். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் போட்டிக்கு வந்தேன். மதிப்பெண் போடும்போது அந்த வரி உங்கள் மேசையில் இருந்ததாகத் தெரியவில்லை.

என் தாளில் முக்கியமாக இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தீர்கள். "முகப்பு விளக்குகள் பழசாகத் தெரிகின்றன." "குடும்பக் கார் போல இருக்கிறது." இரண்டுக்கும் மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள்.

முதலில் விளக்கு. நான் கொடுத்தது 1968 மாடல். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு காருக்கு எந்த விளக்கு வைப்பது என்பது டிசைனர் கையில் இல்லை. 1940 மாடல்களிலிருந்து சீல்டு பீம்தான். கண்ணாடி, உள்ளே இருக்கும் இழை, ஒளியைத் திருப்பும் கிண்ணம் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த வட்ட விளக்கு அது. 1968-இல் ஏழு அங்குலத்தில் இரண்டு வைக்கலாம், இல்லையென்றால் ஐந்தே முக்கால் அங்குலத்தில் நான்கு. வேறு வழி கிடையாது. செவ்வக விளக்கு 1975 மாடல்களில்தான் வந்தது. காரின் வடிவத்துக்கு ஏற்றபடி விளக்கைச் செய்துகொள்ள 1983-இல்தான் அனுமதி கிடைத்தது. விலை குறைந்த காருக்கும் விலை உயர்ந்த காருக்கும் ஒரே அளவு வட்டக் கண்ணாடி. அதை வைத்துக்கொண்டே ஒவ்வொரு காருக்கும் தனி முகம் கொடுக்க வேண்டியிருந்தது.

எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவான பாண்டியாக் 1965-இல் தன் ஜிடிஓ காரின் விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. 1968 டாட்ஜ் சார்ஜரில் விளக்குகளைக் கிரில்லுக்கு (காரின் முன்பக்கக் கம்பித் தடுப்பு) பின்னாலேயே மறைத்துவிட்டார்கள். பகலில் பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கறுப்பாக ஒரே வாய், இரவில் மூடி திறந்தால் அதே நான்கு வட்டங்கள். மெர்க்குரி கூகரும் மறைத்தது. அதே 1968-இல் ஜிடிஓ மூக்கில் குரோம் பம்பரை எடுத்துவிட்டு, காரின் நிறத்திலேயே வளைந்து கொடுக்கும் பம்பர் வந்தது. விளக்கை மாற்ற முடியாது என்பதால் அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றினார்கள். இந்தக் கார்களின் முகத்தை நாம் இன்றும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறோம் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

என் வேலையில் பெரும்பகுதி அந்த முகத்துக்குத்தான் போனது. ஐந்தே முக்கால் அங்குல வட்டம் நான்கு வைத்தால், அவற்றைச் சுற்றி வளையம் வேண்டும், மேலே போனட் விளிம்பு வேண்டும், கீழே பம்பர் வேண்டும். மூக்கை மெலிதாக்க ஆசைப்பட்டால் வட்டம் இடிக்கும். வட்டத்துக்கு இடம் விட்டால் மூக்கு தடிக்கும். கடைசியில் கிரில்லை உள்ளே தள்ளி, போனட் விளிம்பை விளக்குகளுக்கு மேல் சற்று முன்னே கொண்டுவந்து நிழல் விழச் செய்தேன். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பக்கவாட்டு அடையாள விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம் என்பதால், முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கும் வைத்தேன். 1967 மாடல் என்று எழுதியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது, பக்கவாட்டுக் கோடும் சுத்தமாக இருந்திருக்கும். வருடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று வைத்தேன். தாளில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய காருக்கான போட்டியில் விளக்கு பழசாகத் தெரிகிறது என்று மதிப்பெண் வெட்டுவதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

முதல் பரிசு பெற்ற காரும் 1968 மாடல் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் விளக்குகள் கத்தி கீறியது போல் மெல்லிய கோடுகள். சக்கரம் 20 அங்குலம் என்று குறிப்பே இருக்கிறது. அன்றைக்கு இந்த வகைக் கார்கள் 14 அல்லது 15 அங்குலச் சக்கரத்தில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. வரைந்தவரின் கை மிக நல்ல கை, அதில் எனக்கு மறுப்பில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் வரைந்தது இன்றைய கார். அதற்கு 1968 என்று பட்டயம் கொடுத்தது நீங்கள்.

அடுத்து, குடும்பக் கார். ஐயா, அம்மா, மசில் கார் பிறந்ததே குடும்பக் காரிலிருந்துதான். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளுக்குள்ளேயே ஒரு வரம்பு வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தங்கள் நடுத்தர அளவுக் காரான சாதாரண டெம்பெஸ்டுக்குள் இறக்கினார்கள். தனி மாடலாக அறிவித்தால் மேலிடம் தடுக்கும் என்று, கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் ஜிடிஓ என்ற ஒரு தொகுப்பாக விற்றார்கள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கியது, முதல் வருடமே 32,450 போனது. 1968 பிளிமத் ரோடு ரன்னரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீளமான பெஞ்ச் சீட், தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. ஆனால் 383 கன அங்குல எஞ்சின், விலை 3,000 டாலருக்குள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞன் தவணையில் வாங்கக்கூடிய கார் அது. அதன் கதவும் கூரையும் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும் சாதாரணக் காரோடு சேர்ந்து ஒரே தொழிற்சாலையில் வளைக்கப்பட்ட தகடுகள்தான். அதனால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் ஒரு நான்கு கதவுக் காரை முழுதாக வரைந்தேன். அப்புறம் அதிலிருந்து இரண்டு கதவுக் காரை எடுத்தேன். 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு கதவுக்கு 116 அங்குலம், இரண்டு கதவுக்கு 112 அங்குலம் என்று வீல்பேஸை (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) பிரித்தது போலவே நானும் நான்கு அங்குலம் குறைத்தேன். முன் கண்ணாடி, முன்பக்கத் தகடுகள், டேஷ்போர்டு எல்லாம் இரண்டுக்கும் பொது. இந்த இரண்டு படங்களையும் சேர்த்தே அனுப்பியிருந்தேன். குடும்பக் கார் போல இருக்கிறது என்று நீங்கள் எழுதியது அந்த வேலை சரியாக வந்திருக்கிறது என்பதற்கான சான்று. அதற்குக் குறைக்காமல் கூட்டியிருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். வருடத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். அந்த வருடத்தில், அந்த மாதிரி ஒரு கம்பெனியால், அந்த விலையில் இதைச் செய்திருக்க முடியுமா என்று மதிப்பெண் தாளில் தனியாக ஒரு வரி சேருங்கள்.

குதிரைத்திறன் விஷயத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. 1969 மாடலுக்கு 700, 800 என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். தெருவில் ஓடிய 426 ஹெமி எஞ்சினுக்கே கிரைஸ்லர் சொன்ன கணக்கு 425தான். ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 என்று அடக்கிச் சொன்னது, உண்மையில் அதற்கு மேல் இருந்தது. 1972-இல் அளக்கும் முறையே மாறியது. காற்று வடிகட்டியும் புகைக்குழாயும் பூட்டி அளக்கத் தொடங்கியதும் எல்லா எண்களும் இறங்கின. இந்த வரலாறு தெரிந்து, என் 1968 எஞ்சினுக்கு 350 என்று எழுதினேன். "பலம் போதாது" என்று அதற்கும் வெட்டு. ஏலத்தில் பெரிய விலைக்குப் போகும் கார்களையும், புது எஞ்சினும் புதுச் சக்கரமும் மாட்டிய பழைய உடல்களையும் படத்தில் பார்த்துப் பார்த்து, அந்தக் காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். சிறிய எஞ்சினோடு, வெறும் இரும்புச் சக்கரத்தோடு, வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த எத்தனையோ கார்கள் அந்த நினைவிலிருந்து அழிந்துகொண்டிருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் இந்தக் கார்களை நேரில் பார்த்ததில்லை. படமும் புத்தகமும்தான் நமக்குக் கதி. அப்படிப்பட்ட நாமே தவறான படத்துக்குப் பரிசு கொடுத்தால், அடுத்து வரைய வரும் பிள்ளைகள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்?

சரி, எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததை மறுபடியும் கேட்டுவிடுகிறேன். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. என் மதிப்பெண்ணைக் கூட்டவும் சொல்லவில்லை. அடுத்த சுற்றுக்கு முன் மதிப்பெண் தாளில் வருடத்துக்கென்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரிக்குக் கணிசமான மதிப்பெண் இருக்க வேண்டும். அந்த வருடத்துக்குப் பொருந்தாத விளக்கோ சக்கரமோ இருந்தால் எது பொருந்தவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும், என் காருக்கும் சேர்த்துத்தான். எந்த வருடத்தில் எந்த விளக்கு, எந்தப் பம்பர், எந்த இருக்கை வார் கட்டாயம் என்ற பட்டியலைத் தயாரிக்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். என் குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

புதிய மதிப்பெண் தாளை அடுத்த சுற்றின் அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
1968 இரண்டு கதவுக் காரை அனுப்பிய போட்டியாளர்