மைலேஜ் பேக்கேஜ் குறித்த புகார்: பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்: வாடிக்கையாளர், நாமக்கல்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மைலேஜ் பேக்கேஜ் பொருத்திய பிறகு என் குவாலிஸ் வண்டிக்கு ஏற்பட்ட பாதிப்பு தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் வீட்டு வண்டி 2004 மாடல் டொயோட்டா குவாலிஸ், 2.4 லிட்டர் டீசல். உற்பத்தியை நிறுத்தி இத்தனை வருடம் ஆகியும் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. பெரிய குடும்பம் என்பதால் விற்கவும் மனம் வரவில்லை. டீசல் செலவுதான் கையைக் கடித்தது. பழைய பெரிய வண்டிகளுக்கு 20 சதவீதம் கூடுதல் மைலேஜ் என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி 38,000 ரூபாய் கட்டினேன். அதற்கு நீங்கள் செய்தது மூன்று வேலை: நான்கு சக்கரத்துக்கும் சிறிய டயர், டீசல் பம்ப் செட்டிங், டீசல் ஹோஸின் மேல் ஒரு காந்தம்.

முதலில் டயர். குவாலிஸில் ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை, கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. டயர் சிறிதானால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டரும் அதிகம் காட்டும். சேலம் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பார்த்தேன். 50 கிலோமீட்டருக்கு மீட்டர் 53 ஓடியிருக்கிறது. பழைய டயரில் கல்லும் மீட்டரும் ஒத்துப்போகும். ஃபுல் டேங்க் கணக்கில் இப்போது லிட்டருக்கு 12.4 வருகிறது, முன்பு 12 வந்தது. மீட்டரின் பிழையைக் கழித்தால் உண்மையில் கிடைப்பது 11.7தான். மைலேஜ் கூடவில்லை ஐயா, குறைந்திருக்கிறது. குறையத்தானே செய்யும்? சிறிய டயரில் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றியாக வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. எட்டுப் பேரும் சாமானும் ஏறும் வண்டிக்கு, வண்டியைச் செய்த கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எடை தாங்கும் டயரைப் போட்டிருக்கிறீர்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லோடு எண்ணை, டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் பட்டியலோடு வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இது. இதை எப்படிச் சரி என்று நினைத்தீர்கள்?

அடுத்தது பம்ப். இன்ஜினுக்கு அதிகபட்சமாக எவ்வளவு டீசல் போகலாம் என்று நிர்ணயிக்கும் ஃபுல் லோடு ஸ்குருவின் சீலை உடைத்து, டீசலைக் குறைத்து வைத்திருக்கிறார் உங்கள் மெக்கானிக். சமதளத்தில் சீராக ஓடும்போது இதனால் ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாகாது, ஏனென்றால் அந்த நேரத்தில் வண்டி ஃபுல் லோடு அளவு டீசலைக் கேட்பதே இல்லை. மேட்டில் புல்லிங் போனதுதான் மிச்சம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே வண்டி ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு சிரமமில்லாமல் ஏறியது. இப்போது பாதி வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீசல் காந்தத்துக்கு வசப்படும் பொருளல்ல. எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய கருவி எதுவும் அதில் இல்லை.

பழைய வண்டிக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் சர்வீஸ், ஏர் ஃபில்டர், டயரில் சரியான காற்று, வீல் அலைன்மென்ட், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்ப்பது, சும்மா கிடக்கும் மேல் கேரியரைக் கழற்றுவது, இவற்றை ஒழுங்காகச் செய்து கொடுத்திருந்தால் அதே பணத்தைச் சந்தோஷமாகத் தந்திருப்பேன். இதில் ஒன்றைக்கூட உங்கள் ஆட்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

எனவே, கட்டிய 38,000 ரூபாயை முழுவதும் திருப்பித் தர வேண்டும். எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்ட என் பழைய டயர்களையோ, அதே அளவில் வேறு நல்ல டயர்களையோ கொடுக்க வேண்டும். பம்பை அதன் டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்கு வைத்து, சீல் போட்டுத் தர வேண்டும். அடுத்த முறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது இந்த மாற்றங்களுக்காக நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. 20 சதவீதம் என்ற விளம்பரத்தையும் நிறுத்துங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பில் நகல், மீட்டர் படங்கள், டயரின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குவாலிஸ் உரிமையாளர்,
நாமக்கல்.