மலைநடைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் இவ்வாண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் தெரிவான நிர்வாகக் குழுவே ஆண்டு முழுவதும் இயங்கியது. கூட்டங்கள் மாதந்தோறும் அறிவிக்கப்பட்டன. போதிய வரவு இல்லாததால் சிலவற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல நடந்தது. பருவகாலத்தில் சிவனொளிபாதமலைக்குக் குழுவாகப் போய்வந்தோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கான நடைபயணம் அட்டனுக்கு அருகே நடைபெற்றது. முதலுதவி வகுப்பில் குளவிக்கொட்டுக்கு என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதையோரப் பிளாஸ்டிக்கை அகற்றும் சிரமதானமும் ஒரு முறை நடந்தது.

இனி, இவ்வாண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். அதுதான் வட்டகொடையிலிருந்து டயகம வரையான நடைபாதைக்கு நாமே தயாரித்த இடவிளக்கப்படம்.

பெக்கோ ட்ரெயில் பற்றி இங்கு தெரியாதவர் இருக்கமாட்டார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 22 கட்டப் பாதை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் பெரும்பகுதி தேயிலை ஏற்றிப்போவதற்காக நம் முன்னோர் வெட்டிய தோட்ட வழிகள். அந்தப் பாதையில் வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று போகும் நான்கு கட்டங்களும் நம் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப்பையோடு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, நடுவே நின்று வழி கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் கை காட்டி அனுப்புகிறார்கள். அந்த வழிகாட்டலைத் தாளில் கொண்டுவரவேண்டும் என்பதே என் நோக்கமாக இருந்தது.

பாதையை அமைத்தவர்கள் இணையத்தில் தடக்கோப்பு தந்திருக்கிறார்களே, கைத்தொலைபேசியில் கோடு தெரிகிறதே, பிறகு எதற்குத் தாள் என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நாம் கோட்டின் மேல் நிற்கிறோமா, விலகி நிற்கிறோமா என்பது மட்டும்தான் அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரியும். மண்சரிவில் வழி அறுந்துபோனால் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று தெரியாது. பொகவந்தலாவைக்கும் டயகமவுக்கும் நடுவே உள்ள முகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது அக்ரா ஓயா, கொத்மலை ஓயா என்று போய் மகாவலியில் சேர்கிறது. புகார் மூடிய நேரத்தில் ஒருவர் தவறான ஓடையைப் பிடித்து இறங்கினால், அவர் போய்ச் சேரும் பள்ளத்தாக்கே வேறு. பிறகு பஸ்ஸில் ஊரைச் சுற்றித்தான் திரும்பவேண்டும். சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள ஒரு தாளைக் காலையில் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்த முகடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் சாய்வு என்பது மனத்தில் பதிந்துவிடும். தொலைபேசித் திரையில் உள்ளங்கை அளவு நிலம்தான் தெரியும். மழையில் விரல் பட்டாலும் அது சொன்னபடி கேட்காது.

சரி, ஏற்கெனவே உள்ள படங்களில் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதாதா? அதையும் பார்த்தோம்.

நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பழைய ஓரங்குலப் படம், அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற 1:63,360 அளவுத்திட்டப் படம், நம் போசகர் ஐயாவிடம் ஒரு தாள் இருக்கிறது. தோட்ட வழிகளைக் காட்டுவதில் இன்றும் அதற்கு இணையில்லை. ஆனால் அந்தப் பதிப்பில் காசல்ரீ நீர்த்தேக்கமும் இல்லை, மவுஸ்ஸாகலையும் இல்லை. இரண்டும் 1960களில் வந்தவை. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலை நீர்மின் திட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடந்துபோகும் ஆளைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தும் படத்தை நம்பிப் புறப்பட முடியாது.

அடுத்தது திணைக்களத்தின் 1:50,000 படம். நாடு முழுவதையும் 92 தாள்களில் அடக்கியிருக்கிறார்கள். ஒரு தாளில் 40 கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர் நிலம். பயணத்தைத் திட்டமிட இதைவிட நல்ல படம் கிடையாது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் நம் பகுதித் தாளையாவது வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு கிலோமீட்டர் 2 சென்ரிமீட்டராகச் சுருங்கும்போது லயத்துக்குப் பின்னால் ஏறும் படிக்கட்டுக்கும் கொழுந்து மலைக்குள் போகும் குறுக்குப் பாதைக்கும் இடம் இருக்காது. நடப்பதற்கு 1:25,000 வேண்டும். அதில் ஒரு கிலோமீட்டருக்கு 4 சென்ரிமீட்டர் கிடைக்கும்.

மூன்றாவது, தொலைபேசிச் செயலிகளில் வரும் படங்கள். இவற்றில் பல 2004 இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவுகளின் மேல் நிற்பவை. யாராவது ஒரு தன்னார்வலர் வந்து வரைந்த இடம் துல்லியமாக இருக்கும், வராத இடம் வெறுமையாக இருக்கும். உயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த தரவிலிருந்து வருபவை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் அலை அடர்ந்த மரத்தோப்பில் தரை வரை இறங்குவதில்லை. அதனால் யூகலிப்டஸ் தோப்பு உள்ள இடமெல்லாம் படத்தில் சிறு மேடாக எழும்பி நிற்கிறது. தேயிலை மலைக்கும் தோப்புக்கும் எல்லையில் இல்லாத செங்குத்து ஒன்று தோன்றிவிடும்.

இன்னொரு விடயத்தை அங்கத்தவர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்கவேண்டும். நம் நாட்டுப் பழைய படங்கள் கந்தவளை என்ற நில அளவை அடிப்படையில், அதாவது இடங்களின் ஆள்கூறுகளைக் கணக்கிடும் ஒரு முறையில், வரையப்பட்டவை. பூமியின் வடிவத்துக்கு ஜோர்ஜ் எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் 1830 இல் கணித்த அளவை எடுத்துக்கொண்டவை. சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802 இல் தொடங்கிய பெரிய அளவீட்டு வேலையின் தொடர்ச்சிதான் அந்தக் கணக்கு. தொலைபேசி காட்டும் ஆள்கூறு வேறு அடிப்படையில் உள்ளது. இரண்டையும் கலந்தால் இடம் கிழக்கு மேற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். சமதரையில் 200 மீட்டர் பெரிய விடயமில்லை. நம் மலையில் அது ஆற்றின் மறுகரை. படத்தில் கட்ட எண்களை, அதாவது ஓர் இடம் கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று சொல்லும் எண்களைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். பிதுருதலாகல உச்சி பழைய முறையில் 200,000, 200,000 என்றும் புதிய முறையில் 500,000, 500,000 என்றும் குறிக்கப்படுகிறது. மீட்புக் குழுவுக்குத் தொலைபேசியில் எண் சொல்லும்போது எந்த முறை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இத்தனையையும் யோசித்துத்தான் 1:25,000 இல், 20 மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகளோடு, நாமே தயாரிப்பது என்று முடிவெடுத்தோம். 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். போட்டுப் பார்த்தபோது செங்குத்தான மலைகளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாதையையே மறைத்துவிட்டன. அரச படங்களைப் பிரதி எடுக்க அனுமதி வேண்டும் என்பதால் அவற்றைச் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்தினோம். அடித்தளம் திறந்த தரவு. மீதி நாம் நடந்து பதிவுசெய்தது. கணினி வேலை கியூஜிஐஎஸ் மென்பொருளில் நடந்தது, அதற்குக் காசு கிடையாது.

பாதையை மட்டும் ஒடுங்கிய பட்டையாகப் போட்டால் தாள் மிச்சம், செலவு குறைவு என்று குழுவில் ஒரு கருத்து வலுவாக இருந்தது. நான் கடைசி வரை எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். நடப்பவருக்குப் பாதை தெரிந்தால் மட்டும் போதாது. கால் சுளுக்கினால் எந்த வழியாக இறங்கினால் பஸ் ஓடும் ரோட்டுக்கு வரலாம், தோட்ட வைத்தியசாலை எங்கே, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பாதைக்கு வெளியேதான் இருக்கின்றன. இருபக்கமும் பள்ளத்தாக்கின் அடிவரை காட்டியே தீரவேண்டும். தலைவர் அவர்கள் இதை ஏற்றுக்கொண்டு ஆதரித்ததற்கு இங்கே நன்றி சொல்லவேண்டும்.

தண்ணீர் பிடிக்கும் பீலிகளைக் குறிப்பதில் அதிக நேரம் போனது. தேயிலைக்கு மேலே காட்டிலிருந்து வரும் தண்ணீர் வேறு, மருந்தடித்த மலையைத் தாண்டி வரும் தண்ணீர் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்தோம். குளவிக்கூட்டைக் குறிக்கவேண்டும் என்று லயத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். கூடு இடம் மாறும் என்பதால் அதை அச்சில் போட முடியாது. பதிலாக, கூடு கட்டும் வழக்கமுள்ள மரவரிசைகளுக்கு எச்சரிக்கைக் குறி போட்டிருக்கிறோம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய எந்த மலையில் வழி அடைபட்டிருக்கிறது, எந்தப் பாலம் மழைக்குத் தாங்காது என்பதை நமக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். இந்தப் படத்தில் உள்ள சரியான தகவல்களில் பாதி அவர்களுடையது.

நடக்கும் நேரத்துக்கு 1892 இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூட்டிக்கொள்ளவேண்டும். அட்டைக் கடியும் ஈரமும் உள்ள நம் மலைக்கு அது போதாது என்பதால் நேரத்தை அச்சிடாமல், தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் மட்டும் கொடுத்திருக்கிறோம். அவரவர் நடைக்கு ஏற்பக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. கள நடைக்கு அழைப்பு ஒவ்வொரு தடவையும் எல்லா அங்கத்தவர்களுக்கும் போனது. வருகிறேன் என்று பதில் போட்டவர்கள் பலர். காலையில் கொட்டகலை ரயில் நிலையத்தில் வந்து நின்றவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே முகங்கள். நோர்வூட் பக்கம் முழுவதையும் இரண்டு இளைஞர்களும் நானும்தான் நடந்து முடித்தோம். குடும்பம், வேலை, உடல்நலம் எல்லாருக்கும் உண்டு, அதை நான் அறிவேன். ஆனால் வரமுடியாவிட்டால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றவர்கள் காத்திருந்து முதல் பஸ்ஸைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். படம் அச்சாகி வந்த பிறகு, எங்கள் டிவிசன், அதாவது தோட்டப் பிரிவு, வழி ஏன் இல்லை என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வழியை நடந்து காட்ட அவர்களைத்தான் அழைத்திருந்தோம்.

அச்சு வேலையிலும் தாமதம் ஏற்பட்டது. முதலில் கொடுத்த அச்சகத்தில் சமவுயரக் கோடும் தோட்ட ரோட்டும் ஒரே பழுப்பு நிறத்தில் வந்துவிட்டன. மாதிரித் தாளில் ஒப்புதல் வாங்காமலேயே அடித்திருந்தார்கள். பேசிப் பார்த்தும் சரிவராததால் வேறிடத்தில், ஈரம் தாங்கும் தாளில், திரும்ப அடிக்கவேண்டியதாயிற்று. இப்போது கையில் உள்ள தாள் மழையில் நனைந்தாலும் கிழியாது.

வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வழமையான செலவுகள் கட்டுக்குள் இருந்தன, படத்துக்கான செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. அச்சுக்கு முற்பணம் தந்த சில அங்கத்தவர்களுக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மீதி படங்கள் விற்க விற்கக் கொடுக்கப்படும்.

சந்தா விடயத்தில் ஒளிவு மறைவில்லாமல் பேசவேண்டும். பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டு நிலுவையும் உண்டு. தொகை பெரியதல்ல, பஸ்ஸில் நுவரெலியா போய்வரும் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும். நினைவூட்டல் மூன்று முறை அனுப்பினோம். பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கட்டியவர்களின் பணத்தில்தான் கட்டாதவர்களும் படத்தைப் பாதி விலைக்கு வாங்கினார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அடுத்த ஆண்டிலிருந்து அங்கத்தவர் விலை, சந்தா ரசீது உள்ளவர்களுக்கு மட்டும் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது.

போசகர் ஐயாவுக்கும், தலைவருக்கும், பொருளாளர் தம்பிக்கும், கூட்டம் நடத்த மண்டபம் தந்த கோவில் பரிபாலன சபையினருக்கும், வழிவிட்ட தோட்ட நிர்வாகங்களுக்கும், தேநீரும் ரொட்டியும் தந்து இருத்திவைத்த லயத்துக் குடும்பங்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த தாள் டயகமவுக்கு அப்பால், ஹப்புத்தளைப் பக்கமாகப் போகவேண்டும். தேசியப் பூங்கா எல்லை தொடும் இடங்களில் முன்அனுமதி பெறவேண்டியிருக்கும், அந்த விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கினால் நல்லது. கணினி வேலை தெரிந்தவர் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு வேலை மாறி ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தால் படத்தைத் திருத்தக்கூட ஆள் இல்லை. மீள்நடுகை நடக்கும் மலைகளில் வழிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இப்போதுள்ள தாளையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடந்து சரிபார்க்கவேண்டும். இப்போது நடப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் செய்யமுடியாது. செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பம்தான். ஆனால் கள நடைக்கு ஒரு தனிக் குழுவும், கணினிக்கு இரண்டு இளையவர்களும் கிடைக்காவிட்டால் அடுத்த தாளுக்குப் பொறுப்பேற்க என்னால் இயலாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் கள நடை மழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஆரம்பிக்கும். பெயர் கொடுக்கும் பட்டியலை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளரும் கூட்டம் முடியும்வரை அங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்