கரியடுப்பு வெளியே இருக்கட்டும்

திருவட்டாறு
12.11.2025

அன்புள்ள மக்களே,

மேலவிளை மாமா மகன் சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அம்மா வேறு பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். காகிதத்தில் எழுதினால் யாரும் நடுவில் பிடுங்க முடியாது.

நீங்கள் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய படங்களையெல்லாம் பார்த்தோம். கொள்ளாம். அம்மா அவற்றை ரேஷன் கடை வரிசையில் காட்டிவிட்டாள், சாயாக்கடைக்காரர் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. நீ ஒட்டகத்தின்மேல் இருக்கிற படத்தைக் கீழவீட்டு அத்தை தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த மணலை நானும் பார்த்திருக்கிறேன். இப்ராவில் பாலம் வேலைக்கு ஷட்டரிங் அடித்துக்கொண்டிருந்தபோது, லாரியின் பின்னால் பலகைக் கட்டின்மேல் உட்கார்ந்து, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பார்த்தது. காசு கொடுத்து அதைப் பார்க்க வருவார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். என் மகன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறான். அது கொள்ளாம்தானே.

ஆனால் ஒரு படத்தை மட்டும் தங்கச்சியிடம் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராத்திரி எடுத்தது. நாலு பேர் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில் கூடாரத்தின் வாசல், ஜிப் பாதி திறந்திருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி இரும்புச் சட்டியில் கரி, மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவப்பாக. வாசலில் இருக்கிற அடுப்பு குளிர் கூடினால் உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும்? நம்ம புகைப்புரையில் ரப்பர் ஷீட் காயப்போடும்போது புகை கண்ணை எரிக்கும், இருமல் வரும், நாமே வெளியே ஓடி வந்துவிடுவோம். கனிந்த கரி அப்படி இல்லை. புகை தெரியாது, வாடை வராது. கார்பன் மோனாக்சைடு மூடின கூடாரத்துக்குள் நிறைந்தால் முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், எழுந்திருக்க மாட்டார்கள். வளைகுடாவில் குளிர்காலம் வந்தால் இந்தச் செய்தி வராத வருசம் கிடையாது. அடுப்பு வெளியேதான் இருக்கணும். தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி முழுசாக அணைத்துவிடணும்.

வண்டி யாருடையது? வெள்ளை பிராடோ என்று தங்கச்சி சொன்னாள். உன் கம்பெனி வண்டி மாதிரித் தெரியவில்லை. யார் ஓட்டியது? பிதியாவில் டயருக்குக் காற்று இறக்கினீர்களா? மணலில் ஏறும் முன் 15, 18 பி.எஸ்.ஐ.-க்குக் கொண்டுவந்துவிடணும், இல்லாவிட்டால் சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போகும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்று அடிக்கணும், குறைந்த காற்றில் ஹைவேயில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். வஹீபா மணல் 12,500 சதுர கிலோமீட்டர், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1,672தான். நம்ம மாதிரி ஏழு மாவட்டத்தை அதற்குள் போட்டுவிட்டு இன்னும் இடம் கிடக்கும். ஒற்றை வண்டியில் உள்ளே போகவே கூடாது, இரண்டு வண்டி வேணும். படத்தில் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இன்னொன்று படம் எடுத்த பக்கம் நின்றிருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாதி பனீ காலித் மலையோடையில் குளித்திருக்கிறாய். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற படத்தை அம்மாவுக்கு நான் காட்டவில்லை. திற்பரப்பு தெரிந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மழை மலையில் பெய்யும், வெள்ளம் வெயில் அடிக்கிற இடத்தில் வரும். 2024 ஏப்ரலில் ஓமானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையே வாதி அடித்துக்கொண்டு போனதே, அப்போது நீதான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டு எனக்குச் சொன்னாய். அப்போதெல்லாம் நீ கூப்பிடுவாய்.

நிஸ்வாவிலும் இறங்கியிருக்கிறீர்கள். கோட்டைக்கு முன்னால் மட்டும் ஏழெட்டுப் படம். பேரீச்சம்பழப் பாகைக் கொதிக்க வைத்து எதிரியின் தலையில் ஊற்றுகிற ஓட்டையைப் பார்த்தாயா? அந்தக் கோட்டையைக் கட்டின இமாம்தான் 1650-ல் மஸ்கட்டிலிருந்து போர்த்துகீசியரைத் துரத்தியது. நம்ம குளச்சலில் டச்சுக்காரன் தோற்றது 1741, அவர்கள் நமக்கு மூத்தவர்கள். கோட்டை கிடக்கட்டும், பக்கத்திலேயே ஃபலஜ் தாரிஸ் ஓடுகிறது, அதன் படம் ஒன்றுகூட இல்லை. பூமிக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை பம்ப் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி ஊருக்குள் கொண்டுவந்து, பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து அரைமணி அரைமணியாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிற வாய்க்கால். அதில் ஐந்தை யுனெஸ்கோ 2006-ல் பட்டியலில் சேர்த்தது. பேச்சிப்பாறைத் தண்ணீர் முறைக்காக மடையில் ராத்திரி காவல் கிடந்த பாட்டாவின் பேரன் நீ. ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கலாம். சரி, போகட்டும், அடுத்த தடவை பார்.

இப்ரா படம் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சந்தை வாசலில் உன் கூட்டுக்காரனின் மனைவி இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், ஆண்கள் நீங்கள் எல்லோரும் எதிர்ச் சுவரோரம் வெயிலில் நிற்கிறீர்கள். பெண்கள் சந்தை. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான் இருந்தபோதும் புதன்கிழமைதான், இப்போதும் புதன்கிழமைதான் என்று மேலவிளை மாமா மகன் சொல்கிறான். அன்று ராத்திரிப் படத்தில் மணல்மேட்டுக்கு மேலே முழு நிலா. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஐப்பசிப் பௌர்ணமி, ஐந்தாம் தேதி, புதன். நம்ம சிவன் கோயிலில் அன்னாபிஷேகம் நடந்த அன்று.

அங்கே வெள்ளியும் சனியும்தானே லீவு. தேசிய நாளுக்கும் இன்னும் நாள் கிடக்கிறது. செவ்வாய் நிஸ்வா, புதன் இப்ரா, வியாழன் வாதி என்றால் மூன்று நாள் வருஷ லீவில் போயிருக்கும். அதை இப்படிச் செலவழித்துவிட்டால் பங்குனியில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வர லீவு மிச்சம் இருக்குமா என்றுதான் யோசித்தேன். வேறு ஒன்றுமில்லை.

அம்மாவுக்குக் கிழமைக் கணக்கெல்லாம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பணம் வழக்கம்போல முதல் வாரத்தில் வந்துவிட்டது. இந்தத் தடவை அனுப்பியவர் இடத்தில் வேறு பெயர் இருந்தது. பேங்கில் கேட்டால் என்ன உறவு என்று சொல்வது? அதற்காகக் கேட்கிறேன். உன் கூட்டுக்காரன் நல்லவனாகத்தான் இருப்பான். ஆனால் ஒருவனிடம் கைமாற்று வாங்கி ஊருக்கு அனுப்புகிற அளவுக்கு இங்கே ஒரு முட்டும் இல்லை. தங்கச்சி படிப்புக்கு எடுத்த லோன் ஆவணியிலேயே முடிந்தது. பத்திரம் திரும்பி வந்து அலமாரியில் இருக்கிறது. மழையில் பால்வெட்டு பாதி நாள் கிடையாது, இருந்தாலும் ரப்பர் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டதால் முழுசாகவும் நிற்கவில்லை. மட்டிக்குலை நாலு தார் வெட்டினோம், விலை மோசமில்லை. மாசாமாசம் அனுப்புவதை இனி நீ நிறுத்தினாலும் அடுப்பு எரியும். அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள், அவளுக்கு உன் பணம் வந்தால்தான் நீ சாப்பிட்டாய் என்று நம்பிக்கை.

மத்ராவில் எங்கள் ரூமில் கருங்கல் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். கம்பி கட்டுகிற வேலை. என்னைவிட மூத்தவர். தினமும் விடியற்காலையில் எங்களோடு எழுந்து, குளித்து, டிபன் பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் எங்களுக்குப் பிறகுதான் வருவார். அவருடைய பூட்ஸ் கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும். எங்கள் பூட்ஸிலெல்லாம் சிமெண்ட் ஒட்டி வெள்ளை வெள்ளையாக இருக்கும். அவருடையதில் ஒரு பொட்டு இல்லை. நாளாக நாளாகக் கறுப்பு மினுங்கிக்கொண்டு வந்தது. மீன் சந்தைக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை எங்களில் இரண்டு பேர் பார்த்துவிட்டோம். யாரும் கேட்கவில்லை. ராத்திரி சோறு வடிக்கும்போது ஒரு டம்ளர் அரிசி கூடப் போடுவோம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தவறாமல் பணம் அனுப்பினார், எல்லாம் கடன் வாங்கி. அந்தக் கடன்தான் அவரைப் பிடித்துக்கொண்டது, வேலை போனது இல்லை. கடைசியில் அவர் ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு ரூமில் எல்லோருக்கும் ஒரு பெரிய மூச்சு வந்தது. மார்த்தாண்டத்தில் வாழைக்குலை வியாபாரம் போட்டு, மூன்று பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தார். நீயும் சின்ன வயதில் அவர் கடையில் செவ்வாழை வாங்கித் தின்றிருக்கிறாய். பெயர் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மழை, கரண்டு இல்லை, விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை போய்க்கொண்டே இருக்கிறது.

மாமா மகனிடம் அங்கத்து விஷயங்களும் கொஞ்சம் கேட்டேன். எங்கள் காலத்தில் அர்பாப் (முதலாளி) கையெழுத்து இல்லாமல் அசைய முடியாது. 2021-லிருந்து காண்ட்ராக்ட் முடிந்தவன் பழைய கம்பெனியிடம் தடையில்லாக் கடிதம் (என்.ஓ.சி.) வாங்காமலே வேறு கம்பெனிக்குப் போகலாமாம். நல்ல காரியம். ஆனாலும் யாருக்கு எப்போது எது வந்தாலும், புரியாத அரபிக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. பாக்கி எல்லாம் கணக்குப் பார்த்து வாங்கினேன் என்று எழுதியிருக்கும், ஒரு பைசா வந்திருக்காது. பத்தாக்கா என்கிற குடியிருப்பு அட்டையின் தேதி முடிந்து ஒருநாள் கூடத் தங்கக்கூடாது. பாஸ்போர்ட் உன் கையில் இருக்கணும். பொதுவாகச் சொல்கிறேன்.

அம்மா கட்டிக் கொடுத்த சாமான்: முந்திரிக்கொத்து இரண்டு டப்பா, ஒன்று உனக்கு, ஒன்று கூடாரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு. ஏத்தங்காய் சிப்ஸ் தேங்காயெண்ணெயில் போட்டது, காற்றுப் படாமல் வை. நெத்திலிக் கருவாடு மூன்று கவருக்குள் இருக்கிறது, ரூமில் வேறு ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் இல்லாத நேரம் பார்த்து வறு. ஆழாக்குக் கருப்பட்டி தங்கச்சி வைத்தது. சின்னக் கவரில் பணம் இருக்கிறது, ரியாலாகவே மாற்றி வைத்திருக்கிறேன். அடுத்த டூருக்குப் பெட்ரோல் போட்டுக்கொள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தாடியை எடு. படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறது. தாடிதான் அப்படிக் காட்டுகிறது என்று அம்மா சொல்கிறாள்.

அடுத்த தடவை எங்கே போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ. கூடாரத்துக்குள் கரியடுப்பு கூடாது. ரொம்பக் குளிர்ந்தால் வண்டியில் போய்ப் படு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் தங்கச்சியும் பஜனைக்குப் போவார்கள், திரும்ப எட்டரை ஆகும். நமக்கு ஏழரை, உனக்கு ஆறு மணி. அன்றைக்கு உனக்கும் லீவுதான். என் நம்பருக்குக் கூப்பிடு, அம்மா நம்பருக்கு வேண்டாம்.

அப்பா